தேடுபொறியும் இலக்கியத் தளங்களும்: கொள்ள வேண்டியவை, தள்ள வேண்டியவை

சென்ற பருவத்தில் முதுகலை மாணவி ஒருவர் மௌனியின் சிறுகதைகளைப் பற்றி ஆய்வேடு எழுத முற்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றைக் கட்டாயம் படித்துவிட்டு வருமாறு சொல்லியனுப்பினோம். மௌனியின் வாக்கிய அமைப்பைக் கதை கதையாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்த கட்டுரை அது. அச்சில் வந்த சில நூல்களைவிடவும் மேலானது என்பது நம் எண்ணம். இரண்டு நாள் கழித்து மாணவி வந்தார். கையில் வேறொரு தளத்திலிருந்து அச்செடுத்த நான்கு பக்கங்கள் இருந்தன. அவற்றின் முதல் பத்தியில் மட்டும் மௌனியின் பெயர் ஆறு முறை வந்திருந்தது. எழுதியவர் மௌனியின் கதை ஒன்றையேனும் படித்திருப்பார் என்பதற்கான தடயம் நான்கு பக்கத்திலும் இல்லை. "ஐயா, தேடினால் இதுதான் முதலில் வருகிறது" என்றார் மாணவி.

நாம் சொன்ன கட்டுரை அழிந்துபோகவில்லை. நண்பர் ஒருவர் முன்பு அனுப்பியிருந்த பழைய மின்னஞ்சலைத் துழாவி, அதிலிருந்த சுட்டியைச் சொடுக்கியதும் கட்டுரை திரையில் வந்து நின்றது. அப்படியானால் தேடுபொறி அதனை ஏன் காட்டவில்லை? பக்கத்தைச் சற்றே உற்றுப் பார்த்தபோது காரணங்கள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. கட்டுரையின் தலைப்பு, 'இருள் கவியும் நேரம்'. உலாவியின் மேற்பட்டையில் தெரிந்ததோ இதழின் பெயர் மட்டுமே. அந்த இதழின் எல்லாப் பக்கங்களுக்கும் அதே பெயர்தான். கட்டுரையாளர் பெயர் எழுத்தாக இல்லாமல், அழகாக வடிவமைக்கப்பட்ட ஒரு படமாக இருந்தது. கட்டுரை நெடுகிலும் மௌனி என்னும் பெயர் 'மெளனி' என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

இந்த நிகழ்ச்சிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. 'தேடுபொறி உகப்பாக்கம்' என்றும் 'எஸ்.இ.ஓ.' என்றும் சொல்லப்படும் கலையை நம் இலக்கிய நண்பர்கள் பெரும்பாலும் ஏளனமாகவே பார்க்கிறார்கள். அது வணிகர்களின் வேலை, விளம்பரக்காரர்களின் தந்திரம், நல்ல எழுத்து தானே வாசகரைத் தேடிச் சென்றடையும் என்பது அவர்கள் கட்சி. மறுபக்கத்தில், அக்கலையைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் எழுத்தைச் சொற்களின் எண்ணிக்கையாக மட்டுமே பார்க்கிறார்கள். இவ்விரு தரப்பாரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. எழுத்தைக் கண்டெடுக்க உதவும் வேலையையும் எழுத்தையே திரிக்கும் வேலையையும் இரு தரப்பும் ஒன்றெனக் கொள்கின்றன. முன்னது பதிப்பாசிரியர் கடமை; பின்னது மொழிக்கு இழைக்கும் தீங்கு. இரண்டையும் பிரித்தறிவதே நம் முன்னுள்ள வேலை.

முதலில் தேடுபொறி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிலந்தி எனப்படும் நிரல் ஒன்று சுட்டிகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் செல்கிறது. கண்ட பக்கங்களில் உள்ள சொற்களை எடுத்துப் பெரியதோர் அடைவில் சேர்க்கிறது. நாம் ஒரு சொல்லைத் தேடும்போது அந்த அடைவைப் புரட்டி, எந்தப் பக்கம் பொருத்தமானது என்று கணித்து வரிசைப்படுத்துகிறது. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இந்த வரிசைப்படுத்தலுக்கு ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்கள் எத்தகைய மதிப்புடையவை என்பதே அந்த அளவுகோல். கல்வியுலகில் ஒரு கட்டுரையைப் பிறர் மேற்கோள் காட்டுவதை வைத்து அதன் மதிப்பை அளக்கும் வழக்கமே அதற்கு முன்மாதிரி. இன்று கூகிள் கணக்கில் கொள்ளும் கூறுகள் எத்தனையோ. எனினும் அடித்தளம் மாறவில்லை. பக்கத்தில் சொல் இருக்க வேண்டும்; பக்கத்திற்குப் பெயர் இருக்க வேண்டும்; பக்கத்திற்கு வழி இருக்க வேண்டும்.

இம்மூன்றும் தமிழ் மாணவருக்குப் புதியவை அல்ல. நன்னூலார் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்தில் ஒரு நூலின் முகப்பில் எவையெவை தெரிவிக்கப்பட வேண்டும் என்று வகுத்திருக்கிறார். நூலைச் செய்தவர் யார், நூலின் பெயர் என்ன, எதைப் பற்றிப் பேசுகிறது, கற்கத் தக்கவர் எவர், கற்பதால் என்ன பயன் என்பன அவற்றுள் அடங்கும். பாயிரம் இல்லாதது நூலே அன்று என்னும் அளவுக்கு நம் மரபு அதனை வற்புறுத்தியது. தேடுபொறிக்காகத் தளம் அமைப்போர் இன்று பக்கத் தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்க விளக்கம் என்று எவற்றைக் கேட்கிறார்களோ அவை பாயிரத்தின் உறுப்புகளே. ஆக, அதனை அயலார் வணிகத் தந்திரம் என்று ஒதுக்குவதற்கு நியாயம் இல்லை. ஓலைச்சுவடிக் காலத்திலேயே அறிந்திருந்த ஒன்றை இணையக் காலத்தில் மறந்துவிட்டோம் என்பதே உண்மை.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். சுவடியிலிருந்து மூலத்தைப் படியெடுத்து அச்சிட்டதோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. முகவுரை, நூலாசிரியர் பற்றிய குறிப்பு, பாடியோர் வரலாறு, அரும்பத அகராதி என்று வாசகர் நுழைவதற்கான வாயில்களையும் தம் பதிப்புகளில் திறந்து வைத்தார். அந்த அகராதிகளை ஆக்குவதற்குக் கொண்ட உழைப்பு சாதாரணமானதன்று. ஒரு சொல் எங்கே வருகிறது என்று பின்னால் வருபவன் தேடுவான் என்பதை அவர் அறிந்திருந்தார். அவரைப் போற்றும் நாம், நம் தளத்தில் ஏற்றும் கட்டுரைக்கு ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் எழுத்தில் பதிப்பதற்குச் சோம்புகிறோம்.

தலைப்பு விஷயத்துக்கு வருவோம். இலக்கியக் கட்டுரைக்குக் கவித்துவமான தலைப்பு வைப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. அதில் தவறில்லை. அச்சு இதழில் அது பொருந்துகிறது. ஏனெனில் வாசகர் இதழை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார். கட்டுரையின் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் காண்கிறார். இணையத்தில் தலைப்பு தனியே பயணம் செய்கிறது. தேடல் முடிவுகளின் நடுவே, ஒரு வரியாக, துணையேதும் இன்றி நிற்கிறது. 'இருள் கவியும் நேரம்' என்பது மின்வெட்டைப் பற்றிய செய்தியாகவும் இருக்கலாம், பேய்க்கதையாகவும் இருக்கலாம். 'இருள் கவியும் நேரம்: மௌனியின் வாக்கியங்கள்' என்று ஒரு துணைத்தலைப்பு சேர்த்திருந்தால் ஆசிரியரின் கவித்துவத்துக்கும் குறைவில்லை, மாணவிக்கும் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது எழுத்து. நம் மொழிக்கே உரிய இடர்கள் இங்குச் சில உண்டு. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இயங்கின. டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று குறியேற்றங்கள் பலவாகக் கிடந்தன. அந்தந்த எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும். இல்லையேல் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். தேடுபொறி கண்டதும் அந்தக் குவியலைத்தான். ஒருங்குறிக்கு மாறாமல் நின்றுவிட்ட பக்கங்கள், எத்தனை உயர்ந்த எழுத்தைத் தாங்கியிருந்தாலும், தமிழில் தேடுபவருக்கு இல்லாதவையே. கவிதையைப் படமாக்கி ஏற்றுவதும், பழைய இதழ்களை ஒளிவருடி எழுத்துணரி வழியே செலுத்தாமல் அப்படியே கோப்பாக இடுவதும் ஏறக்குறைய இதே விளைவைத் தருகின்றன.

ஒருங்குறிக்கு வந்த பின்னும் ஒரு நுண்ணிய பிழை தொடர்கிறது. ஔகார உயிர்மெய்யின் வலப்பக்க உறுப்பு ளகரத்தைப் போலவே தோற்றமளிப்பதால், பலர் எகரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். மௌனி 'மெளனி' ஆவதும் ஔவையார் 'ஒளவையார்' ஆவதும் இப்படித்தான். இதனோடு கூகிள், கூகுள் என்றும், இராமன், ராமன் என்றும், வலைத்தளம், வலைதளம் என்றும் வரும் எழுத்து வேறுபாடுகளையும், கு.ப.ரா., கு.ப. ராஜகோபாலன் என்று ஒருவருக்கே வழங்கும் பல பெயர் வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய தேடுபொறிகள் இவற்றுள் பலவற்றை ஊகித்து இணைத்துக்கொள்கின்றன. ஆனால் ஊகம் எப்போதும் வாய்ப்பதில்லை. தளங்களின் உள்ளேயே இருக்கும் சிறிய தேடல் பெட்டிகளுக்கோ இவ்வளவு அறிவு பெரும்பாலும் கிடையாது. எழுத்தாளர் பெயரின் முழு வடிவத்தை ஒருமுறை, சுருக்க வடிவத்தை ஒருமுறை கட்டுரையில் எழுதிவிடுவது எளிய தீர்வு. எழுத்துகளைச் சரியாக இடுவது அதனினும் எளிது. இது பிழைதிருத்துநர் பணியன்றி வேறென்ன?

மூன்றாவது, வழி. ஒரு பக்கத்தின் முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வைக்கலாம், தேடுபொறி அதனைப் புரிந்துகொள்ளும். எனினும் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. அம்முகவரியை வெட்டி மின்னஞ்சலில் ஒட்டும்போது, தமிழின் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகள் கலந்த ஒன்பது எழுத்தாக விரிந்துவிடுவதுண்டு. 'அம்மா' என்னும் சொல்லில் கணினிக் கணக்குப்படி ஐந்து குறிகள். ஆக நாற்பத்தைந்து எழுத்துகள். நீண்ட தலைப்பு முழுவதும் முகவரியானால் அது எங்கேனும் உடைந்துபோக வாய்ப்பு மிகுதி. ஆகவே தமிழ் முகவரியானால் இரண்டு மூன்று சொற்களில் நிறுத்திக்கொள்வது நன்று.

முகவரியின் நீளத்தைவிடப் பெரிய கேடு முகவரியை மாற்றுவது. தளத்தைப் புது வடிவுக்கு மாற்றுகிறோம் என்று ஆர்வத்தோடு இறங்குவோர், பழைய பக்கங்கள் எல்லாவற்றின் முகவரிகளையும் ஒரே இரவில் மாற்றிவிடுகிறார்கள். அதுவரை பிறர் தந்திருந்த சுட்டிகள் அனைத்தும் அந்த இரவோடு செத்துவிடுகின்றன. பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் நிலையான ஏற்பாடு ஒன்றை வழங்கியில் செய்துவைக்க முடியும். தளம் அமைத்துத் தருபவரிடம் கேட்டால் செய்துகொடுப்பார். கேட்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் சேவை மூடப்பட்டபோது, அதில் இலவசமாகக் குடியிருந்த பக்கங்கள் அத்தனையும் தம் முகவரியை இழந்தன. அதன்பின்னும் நாம் பாடம் கற்றோமா என்பது ஐயமே.

சுட்டி தருவதில் நம்மவர் காட்டும் கருமித்தனத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கட்டுரையை மறுத்து எழுதுவார்கள்; அதற்குச் சுட்டி தரமாட்டார்கள். 'அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார்' என்று பெயரையும் மறைத்துவிடுவார்கள். நம் உரையாசிரியர்கள் இப்படி நடந்துகொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். தகடூர் யாத்திரை முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. இவற்றின் பாடல்களில் இன்று எஞ்சியிருப்பவை, உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டதாலும் புறத்திரட்டு போன்ற தொகைகளில் சேர்க்கப்பட்டதாலும் பிழைத்தவை. அவற்றைக் காப்பாற்றியது மேற்கோள். சுட்டியும் மேற்கோளின் இனத்தைச் சேர்ந்ததே. நல்ல கட்டுரை ஒன்றுக்கு நாம் தரும் சுட்டி, தேடுபொறியின் கணக்கில் அக்கட்டுரைக்கு இடும் வாக்கு. வாசகரின் கணக்கில் அதற்குக் காட்டும் வழி.

நிற்க. இதுவரை சொன்னவை கொள்ள வேண்டியவை. இனித் தள்ள வேண்டியவை.

நம்மிடம் தமிழ் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், ஆசிரியர் பணிக்கான தேர்வுகளை எழுதிக் காத்திருக்கும் இடைக்காலத்தில், ஒரு நிறுவனத்துக்கு 'கன்டென்ட்' எழுதிக்கொடுக்கிறார். சொல்லுக்கு இத்தனை பைசா என்று ஊதியம். ஒரு நாளைக்கு ஐந்து கட்டுரை. சர்க்கரை நோய்க்கான உணவு, வீட்டுக் கடன், மதுரையின் சுற்றுலாத் தலங்கள், குழந்தைக்குப் பெயர் வைத்தல் என்று தலைப்புகள் வரும். தலைப்போடு ஒரு சொற்றொடரும் வரும். அதனை இத்தனை முறை, மாற்றாமல் அப்படியே பயன்படுத்த வேண்டும் என்பது கட்டளை. அவர் எழுதிய பக்கம் ஒன்றை நமக்குக் காட்டினார். "மதுரை சுற்றுலா இடங்கள் பார்க்க விரும்புபவர்கள் மதுரை சுற்றுலா இடங்கள் பற்றி முன்பே அறிந்துகொள்வது அவசியம். இந்தப் பதிவில் சிறந்த மதுரை சுற்றுலா இடங்கள் பற்றிப் பார்க்கலாம்." வேற்றுமை உருபுகளின் மயக்கத்தைப் பற்றித் தேர்வில் சிறப்பாக எழுதியவர் அவர். "உருபு சேர்த்தால் சொற்றொடர் மாறிவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் ஐயா" என்றார். அவரைக் குறைசொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இந்த வழக்கத்தின் பின்னே இருப்பது ஆங்கிலத்துக்காக, அதுவும் ஒரு காலத்துக்காக உண்டான நம்பிக்கை. ஆங்கிலப் பெயர்ச்சொல் பெரும்பாலும் தன் வடிவம் மாறாமல் நிற்கும். உறவைச் சுட்டும் சொல் அதன் முன்னே தனியாக நிற்கும். தமிழில் அவ்வாறன்று. 'வீடு' என்பது வீட்டை, வீட்டில், வீட்டிற்கு என்று திரியும். திரிந்த வடிவங்களுக்குள் 'வீடு' என்னும் முழுச் சொல்லே இராது. ஆக, ஒரு சொல் மாறாமல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது தமிழைப் பொறுத்தவரை இலக்கணத்துக்கு எதிரான கணக்கு. அந்தக் கணக்கை நிறைவேற்ற வேண்டுமானால் உருபுகளைப் பறித்தெறிந்து சொற்களைக் கட்டாந்தரையில் வரிசையாக அடுக்க வேண்டும். அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. 2018 பிப்ரவரியில் கூகிளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது. தமிழில் எழுதுவோருக்கு வருவாய்க்கான ஒரு வழி திறந்தது நல்ல செய்தியே. அதே வழியாக இந்த உருபிழந்த தமிழும் பெருகி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூறியது கூறலும் மிகைபடக் கூறலும் வெற்றெனத் தொடுத்தலும் நூலுக்குக் குற்றங்கள் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். வகுப்பை விட்டு வெளியே போகும் மாணவருக்கு அவையே தொழில் விதிகளாக வழங்கப்படுகின்றன. முந்நூறு சொல்லில் முடியும் செய்தியை ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்கு இழுக்கிறார்கள். யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்டுத் தாமே விடை சொல்லிக்கொள்கிறார்கள். முடிவுரையில் முன்னுரையைத் திருப்பி எழுதுகிறார்கள். இதைப் படித்து வளரும் தலைமுறை கட்டுரை என்பதே இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுமே என்பதுதான் நம் கவலை. அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. அண்மைக் காலத் தேர்வு விடைத்தாள்களில் 'இந்த விடையில் நாம் சிலப்பதிகாரம் பற்றிப் பார்க்கலாம்' என்ற தொடக்கத்தைக் காணத் தொடங்கியிருக்கிறோம்.

இத்தனை சிதைவும் தேடுபொறி கேட்டதால் நேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. பக்கத்தின் தலையில் மறைவாக இடப்படும் குறிச்சொற் பட்டியலை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. தேடுபொறிக்கு ஒரு முகமும் வாசகருக்கு ஒரு முகமும் காட்டிய குற்றத்துக்காக 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தையே தன் அடைவிலிருந்து அது நீக்கியது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவில் 'பாண்டா' என்னும் மாற்றத்தைக் கொண்டுவந்து, சரக்கில்லாத கட்டுரைகளைத் தொழிற்சாலை போல் உற்பத்தி செய்த தளங்களைக் கீழே தள்ளியது. அங்கே ஏறத்தாழ 12 விழுக்காட்டுத் தேடல்களில் அதன் பாதிப்பு தெரிந்தது. 2012 ஏப்ரலில் வந்த 'பெங்குவின்' மாற்றம் விலைக்கு வாங்கிய சுட்டிகளைக் குறிவைத்தது. குறிப்பிட்ட சொல் எண்ணிக்கை எதையும் தாம் விரும்புவதில்லை என்று அந்நிறுவனத்தின் வழிகாட்டுக் குறிப்பே சொல்கிறது. 2024 மார்ச்சில், வரிசையில் முந்துவதற்காக மட்டுமே மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களை, அவை மனிதர் எழுதியவையாயினும் இயந்திரம் எழுதியவையாயினும், குப்பை என்றே கொள்வதாக விதி வகுத்தது.

அப்படியிருந்தும் குப்பைதானே முதலில் வருகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் மாணவிக்கு நேர்ந்ததும் அதுதான். இதற்கு நமக்குத் தெரிந்த விடை ஒன்றே: ஆங்கிலத்தில் ஒரு பொருளைத் தேடினால் போட்டிக்கு நல்ல பக்கங்கள் பல நிற்கின்றன, குப்பையைத் தள்ளினால் அந்த இடத்தில் வைக்க ஏதோ ஒன்று இருக்கிறது. தமிழிலும் நல்ல பக்கங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை பெயரின்றி, படமாக, பழைய எழுத்துருவில், அறுந்த சுட்டிகளின் மறுமுனையில் இருக்கின்றன. காலியாக இருக்கும் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மௌனியைப் பற்றிய அந்த நான்கு பக்கம் நம் நண்பரின் கட்டுரையைத் தோற்கடித்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அந்தக் கட்டுரை போட்டிக்கே வரவில்லை.

ஓர் அயல்நாட்டு வணிக நிறுவனத்தின் கணக்குக்கு நம் இலக்கியம் ஏன் இசைந்துகொடுக்க வேண்டும் என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. அக்கேள்வியை நாம் மதிக்கிறோம். ஒரே நிறுவனம் உலகத்தின் வாசிப்புக்கு வாயிற்காவலனாக நிற்பது நல்லதன்று. ஆனால் மேலே கொள்ளத்தக்கவை என்று சொன்ன எவையும் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பயன்படுபவை அல்ல. தெளிவான தலைப்பும், எழுத்தாக உள்ள ஆசிரியர் பெயரும், வெளியான நாளும், பிழையற்ற ஒருங்குறியும், மாறாத முகவரியும் நாளை வேறொரு தேடுபொறி வந்தாலும் பயன்படும், நூலகருக்கும் பயன்படும், பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கும் பயன்படும். சொற்களை எண்ணி அடுக்கும் வேலைதான் ஒரு நிறுவனத்தின், அதுவும் அந்நிறுவனமே கைவிட்ட, கணக்குக்கு அடிமைப்படுவது. எது பதிப்புப் பணி, எது அடிமைத்தனம் என்று அறிய இதையே உரைகல்லாகக் கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. தேடுபவருக்குப் பக்கங்களைக் காட்டுவதற்கு மேலாக, அப்பக்கங்களைப் படித்துத் தானே ஒரு விடையைத் தொகுத்துத் தரும் வழக்கத்தைக் கூகிள் 2024 மே மாதம் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளிலும் தொடங்கியது. வாசகர் இனி நம் வாயில்வரை வராமலே போய்விடுவாரோ என்னும் அச்சம் தளம் நடத்துவோர் அனைவருக்கும் இருக்கிறது. அச்சம் நியாயமானது. எனினும், எங்கும் கிடைக்கும் பொதுச் செய்தியை நீட்டி எழுதிய பக்கத்துக்குத்தான் முதல் அடி. மதுரையின் சுற்றுலாத் தலங்களை ஓர் இயந்திரம் தொகுத்துச் சொல்லிவிடும். மௌனியின் ஒரு வாக்கியத்தின் முன் பத்து நிமிடம் நின்ற ஒருவருக்கு நேர்ந்தது என்ன என்பதை அவர்தாம் எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்டது யாருடையது என்று பெயரோடு நிற்க வேண்டியதன் தேவை முன்னிலும் கூடியிருக்கிறது.

ஆகவே தளம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள்கள் சிலவே. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு இடுங்கள். கவித்துவத் தலைப்பாயின் பொருளைச் சொல்லும் துணைத்தலைப்பு ஒன்றைச் சேருங்கள். ஆசிரியர் பெயரையும் நாளையும் எழுத்தில் பதியுங்கள். பழைய குறியேற்றத்தில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். இதழ்வாரியாக மட்டுமின்றி, ஆசிரியர்வாரியாகவும் பொருள்வாரியாகவும் ஓர் அடைவை அமைத்து, அதிலிருந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் சுட்டி கொடுங்கள். முகவரியை மாற்றாதீர்கள், மாற்ற நேர்ந்தால் திருப்பிவிடும் ஏற்பாடு செய்யுங்கள். பிறர் கட்டுரையைப் பேசினால் சுட்டி தாருங்கள். வணிகத் தளம் நடத்துவோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: எழுதுபவருக்குச் சொல் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கட்டுரைக்கென்று ஊதியம் கொடுங்கள், உருபு சேர்க்க அவருக்கு உரிமை கொடுங்கள். வாசகரை இழக்கமாட்டீர்கள்.

முதலில் சொன்ன இணைய இதழின் ஆசிரியருக்கு மாணவி ஒரு மின்னஞ்சல் எழுதினார். மூன்று நாளில் மறுமொழி வந்தது. இதழ் நின்று பல ஆண்டாகிவிட்டதென்றும், தளத்துக்கான கட்டணத்தைத் தம் கைப்பணத்தில் ஆண்டுதோறும் கட்டி வருவதாகவும், திருத்தும் வேலைக்கு ஆள் இல்லையென்றும் எழுதியிருந்தார். இப்போது நம் மாணவர் நால்வர் சனிக்கிழமைதோறும் அமர்ந்து பழைய இதழ்களுக்குத் துணைத்தலைப்பு எழுதி அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 'கன்டென்ட்' எழுதும் அந்த மாணவரும் நேரம் கிடைக்கும்போது வருகிறார். ஒவ்வொரு கட்டுரையையும் முழுதாகப் படித்தால்தான் அதற்கு ஒரு வரியில் துணைத்தலைப்பு எழுத முடிகிறது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. இதுவரை இரண்டு இதழ்கள் முடிந்திருக்கின்றன.